மறு: 'டபுள் பிளைண்ட்' கேட்புச் சோதனைக்குச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே,
ஒலிக்கருவிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியளவை 0.1 டெசிபெல்லுக்குள் ஒப்பாக்கி, எது ஓடுகிறது என்று கேட்பவருக்கும் நடத்துபவருக்கும் தெரியாமல் செய்யும் சோதனை. மருத்துவத்தில் 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பார்வையற்றவர்களைப் புண்படுத்தும், அதோடு 'குருட்டாம்போக்கு' என்றால் நம் ஊரில் குத்துமதிப்பு. 'இருமறைக் கேட்பு' சரிவருமா?
— சு.

> இருமறைக் கேட்பு
நான்மறை தெரியும், இது எந்த இரண்டு? சொல் நம்மிடமே இருக்கிறது. சிலம்பின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகள். திரைக்குப் பின்னால் கருவி, ஆகவே 'எழினிக் கேட்பு'. அதியமான் மகன் பொகுட்டெழினியின் பெயரிலும் இதே எழினிதானா என்று தனி மடல் எழுதுகிறேன்.
— கா.

புலவர் ஐயா, என் மாணவர்களுக்கு எழினி என்றால் எதிர்வீட்டுக் குழந்தை. 'பிளைண்ட் டெஸ்ட்' என்றால் கடைசி பெஞ்சுக்கும் புரிகிறது. அப்புறம், திரை மட்டும் போதாது. ஸ்விட்சைத் திருப்புகிறவருக்கு விடை தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஒலிப்பொறியாளர் டேவிட் கிளார்க் 1982ல் விவரித்த ஏபிஎக்ஸ் முறையில், எக்ஸ் என்று ஓடுவது ஏ கருவியா பி கருவியா என்பதைப் பெட்டியே தேர்ந்தெடுக்கும், கேட்பவர் அது எது என்று சொல்லவேண்டும். 16 முறையில் 12 சரியென்றால், வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வர வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 'இரு' கட்டாயம் வேண்டும்.
— ம.

கருவியோடு மாதக்கணக்கில் வாழ்ந்தால்தான் அதன் குணம் தெரியும். பத்து நொடித் துண்டு கேட்டுத் தீர்ப்பா? 'புறவயச் சோதனை' என்று போட்டுவிடுங்கள், ரசனைக்காரர்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்.
— ந.

> புறவயச் சோதனை
அப்படிப் போட்டால் பொருளே மாறிவிடும். மைக்ரோஃபோன் வைத்து அளப்பது புறவயம். இங்கே ஒருவர் காதால் கேட்டு, பிடிக்கிறது பிடிக்கவில்லை என்கிறார். முழுக்க அகவயம். விலையையும் பெயரையும்தான் மறைக்கிறோம், ரசனையில் கைவைக்கவில்லை. 1994ல் ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும், ஒலிக்கருவி செய்யும் ஹார்மன் நிறுவன ஊழியர்களையே உட்காரவைத்து நான்கு ஒலிபெருக்கிகளை மறைத்தும் காட்டியும் கேட்கச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது பெரிய, விலைகூடிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன மலிவுப் பெட்டிக்கு இறங்கியது. காது அதே காதுதான். மாதக்கணக்கு வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், நேர வரம்பு யார் வைத்தது? எது ஓடுகிறது என்று மட்டும் தெரியக்கூடாது.
— ம.

சரி, 'இருபுற மறைவுக் கேட்பு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அருகில் 'டபுள் பிளைண்ட்' சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.
— சு.

மறுப்பு இல்லை, களைப்புதான். ஆனால் 'இருபுற' என்றால் தாளின் இரண்டு பக்கமும் என்று படிப்பார்கள். எழினியை நான் கைவிடவில்லை.
— கா.

தாமதமாக நுழைகிறேன், மன்னிக்கவும். வருவாய்த்துறையில் 'கேட்பு' என்றால் வசூலிக்கவேண்டிய தொகை. கேட்பு, வசூல், நிலுவை என்றுதான் பதிவேடே இருக்கிறது. 'செவிச்சோதனை' என்று வைக்கலாமே?
— த.

அது காது டாக்டரிடம் செய்வது.
— ம.