சிற்றலை: மீட்பா, மீள்தொகுப்பா?

அண்ணை, வணக்கம்.

சமிக்ஞையைப் பகுக்க உதவும், சிறிது நேரமே ஆடி அடங்கும் அலையான வேவ்லெட்டுக்கு (wavelet) நீங்கள் முன்வைத்த ‘குறுவலை’ என்ற சொல், மீனவர் ஊரான பாசையூர்ப் பிள்ளையின் கண்ணில் குறு + வலை என்றுதான் படும். ‘அலைக்கற்றை’ என்போமென்றால், அதை ஸ்பெக்ட்ரம் என்ற பொருளில் 2ஜி செய்திகள் எப்போதோ பிடித்துவிட்டன. ‘சிற்றலை’ போதும். பிரெஞ்சு மூலமான ‘ஒந்தலெத்’துக்கும் சின்ன அலை என்பதே பொருள்.

பகுத்த துண்டுகளிலிருந்து சமிக்ஞையைத் திரும்ப உருவாக்கும் செய்முறைக்கு (reconstruction) நீங்கள் சொன்ன ‘மீட்பு’க்குத்தான் என் பெரிய மறுப்பு. மீட்டால் போனது அப்படியே திரும்பவேண்டும். 8, 6, 3, 5 என்ற மாதிரிகளை ஹார் முறையில், அதாவது இரண்டிரண்டாக எடுத்து, பகுத்தால் சராசரிகள் 7, 4. அரை வித்தியாசங்கள் 1, −1. கூட்டியும் கழித்தும் பார்த்தால் 7+1, 7−1, 4−1, 4+1: பழைய நான்கும் வந்துவிடும். இரைச்சலென்று எண்ணி அந்த 1, −1 இரண்டையும் பூச்சியமாக்கினாலோ 7, 7, 4, 4 தான் கிடைக்கும். செய்முறை அதேதான், ஆனால் மூலம் மீளவில்லை.

ஆகவே செய்முறைக்கு ‘மீள்தொகுப்பு’ என்போம். பகுப்புக்கு மறுதலை தொகுப்பு. ஒளித்தொகுப்பு படித்த பிள்ளைக்கு அது புதிதல்ல. ‘மீள்கட்டுமானம்’ என்றால் இங்கே வீடும் வீதியும்தான் நினைவுக்கு வரும். மூலம் பிசகாமல் திரும்பும் பண்புக்கு மட்டும் ‘முழுமீட்பு’.

—

தம்பி, குறுவலையை விட்டுவிட்டேன்.

‘மீள்தொகுப்பு’ வேலையின் படிகளோடும் ஒத்துப்போகிறது. பகுத்ததில் கிடைத்த எண்களான குணகங்களுக்கிடையில் ஒவ்வொரு பூச்சியம் செருகி, தொகுப்பு வடிகட்டிகளுக்கூடாக விட்டு, தாழ் மீடிறன் (அதிர்வெண்) கிளையையும் உயர் மீடிறன் கிளையையும் கூட்டுகிறோம். பருமட்டத்தில் தொடங்கி நுண்மட்டம் வரை இதே சுற்று.

வரையறையோடு செய்யக்கூடிய பிழைகளையும் எழுதவேண்டும். பகுக்கும்போது 2 ஆல் வகுத்துவிட்டு, தொகுக்கும்போது √2 ஆல் வகுக்கும் சூத்திரத்தைப் போட்டால் ஒவ்வொரு மட்டத்திலும் √2 பங்கு சுருங்கும். மூன்று மட்டங்களுக்குப் பின் சராசரிப் பகுதி 2.83 இல் ஒரு பங்காகவும், மிக நுண்ணிய பகுதி 1.41 இல் ஒரு பங்காகவும் நிற்கும். வீச்சம் மட்டுமல்ல, சமிக்ஞையின் வடிவமே கெட்டுவிடும். நான்கு குணகமுள்ள, அதாவது ஒரே தடவையில் நான்கு மாதிரிகளை எடுக்கும், டொபசீ (Daubechies) வடிகட்டியில் விளிம்பும் சிக்கல்: பகுக்கையில் கண்ணாடி விம்பமாக மடித்து, தொகுக்கையில் வட்டமாகச் சுற்றினால் முனைகளில் பொய்த் துள்ளல் தோன்றும்.

எல்லா அளவிலும் இடத்திலும் சிற்றலையைப் பொருத்திப் பார்க்கும் தொடர் சிற்றலை உருமாற்றத்துக்கு ‘முழுமீட்பை’க் கொடுக்க நான் உடன்படமாட்டேன். சிற்றலையின் சராசரி பூச்சியம்; ஆதலால் சமிக்ஞையின் சராசரி அங்கே குணகங்களில் ஏறுவதேயில்லை. அதை முன்கூட்டியே எடுத்துவைத்துக் கடைசியில் கூட்டவேண்டும். சிற்றலையை நீட்டிச் சுருக்கும் அளவிடைகளையும் ஓர் எல்லைக்குள் வெட்டித்தான் கணிக்கிறோம். அங்கே ‘அண்ணளவு மீள்தொகுப்பு’ என்று பதிவோம்.