வாக்கர், டக்கர், ஃபுல்லர்: ஒரு தொழிலின் மூன்று குடும்பப் பெயர்கள்

வட இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து:

வீடுவீடாகச் சென்று முதியோரைக் கவனிக்கும் பணியில் இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவருக்கு வாக்கர் என்பது குடும்பப் பெயர். அவர் ஊன்றி நடக்கும் சட்டத்துக்கும் அதுவே பெயர் என்பதால், நெடுந்தூரம் நடந்த முன்னோர் எவரேனும் இருந்திருப்பார் போலும் என்று ஒருநாள் சொன்னேன். இளமையில் கம்பளி ஆலையில் வேலை செய்த அவர் அதை மறுத்து, தம் பெயர் துணியோடு தொடர்புடையது என்று விளக்கத் தொடங்கினார்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை அப்படியே உடுத்த இயலாது. ஆட்டு மயிரின் பிசுக்கும் நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். இழைகளும் விலகியே நிற்கும். அதைத் தொட்டியில் இட்டு, புளிக்க வைத்த சிறுநீரோ களிமண் கரைசலோ ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதித்தால் அழுக்கு நீங்குவதோடு, இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கித் துணி கெட்டிப்படும். அவ்வாறு மிதித்தவரே வாக்கர். அச்சொல்லுக்கு மூலமான பழைய ஆங்கில வினைக்கு உருட்டுதல், புரட்டுதல் என்பனவே பொருள். நடத்தல் என்னும் பொருள் பிற்காலத்தில்தான் அதில் நிலைபெற்றது.

இதைக் கேட்டபோது நம்முடைய ‘துவைத்தல்’ என் நினைவுக்கு வந்தது. மிதித்து உழக்குவதும், இடித்து நசுக்குவதும், துணியை அலசுவதும் அந்த ஒரு வினைக்குள் அடங்கும். அம்மியில் அரைக்கும் துவையலும் அதன் வழிவந்ததே. அவரிடம் இதைச் சொன்னபோது, அந்தத் தமிழ்ச் சொல்லை இருமுறை உச்சரித்துப் பார்த்தார்.

பின்னர் அவர் வற்புறுத்தியதால் ஆர்ம்லி மில்ஸ் தொழில் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். ஏர் ஆற்றங்கரையில், தீ விபத்துக்குப்பின் 1805இல் பெஞ்சமின் காட் மீண்டும் எழுப்பிய ஆலை அது. நீர்ச்சக்கரத்தின் விசையால் கனத்த மரச் சம்மட்டிகள் எழுந்து எழுந்து ஈரத்துணியின்மேல் விழும் அமைப்பை அங்குதான் புரிந்துகொண்டேன். இவ்வகை ஆலை இங்கிலாந்துக்குப் பழையது. டெம்ப்ளர் துறவியர் 1185இல் தம் உடைமைகளைக் கணக்கெடுத்தபோது, லீட்ஸுக்கு அருகிலுள்ள நியூசமில் ஓர் ஆலையைப் பதிந்துள்ளனர். இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு நிலையாக இறங்கத் தொடங்கியது ஏறத்தாழ 1200க்கும் 1400க்கும் இடைப்பட்ட காலத்தில் என்பதால், இப்பெயரைப் பெற்ற முதல் மனிதர்களில் பலர் தொட்டியில் கால் வைத்தே இராமல் சம்மட்டிகளை மட்டும் மேற்பார்த்தவர்களாக இருந்திருக்கலாம். கால் செய்த வேலையை ஆறு எடுத்துக்கொண்ட பின்னும் பெயர் மாறவில்லை என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது.

தென்மேற்கு இங்கிலாந்தின் எக்ஸிட்டரிலிருந்து:

சகோதரியின் பதிவைப் படித்த பிறகுதான் என் மகளின் வகுப்பில் டக்கர் என்ற பெயரோடு, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பிள்ளைகள் இருப்பதன் காரணம் விளங்கியது. வடக்கே வாக்கர் செய்த அதே வேலையைத் தென்மேற்கில் செய்தவர் டக்கர். சென்னைப் பேச்சில் வழங்கும் ‘டக்க’ருக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் வேரான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வதைத்தல், துன்புறுத்தல் என்று பொருள். ஒருவனை நையப் புடைத்ததை ‘அடித்துத் துவைத்துவிட்டான்’ என்று நாம் சொல்வதில்லையா? அங்கே வதையைக் குறித்த சொல் துணிக்குப் போயிற்று. இங்கே துணிக்குரிய சொல் வதைக்கு வந்தது.

எங்கள் ஊரின் ஃபோர் ஸ்ட்ரீட்டில் டக்கர்ஸ் ஹால் என்னும் மண்டபம் உள்ளது. நெசவாளர், துணி மிதிப்போர், துணியின் மேல்மயிரைக் கத்தரிப்போர் ஆகிய மூவரும் சேர்ந்த சங்கத்துக்காக 1471இல் கட்டப்பட்டது. பல ஆண்டுகள் அவ்வழியே நடந்தும், அது டக்கர் என்ற செல்வந்தர் ஒருவரின் மாளிகை என்றே எண்ணியிருந்தேன். உள்ளே சென்று, மரவேலைப்பாட்டுடன் வளைந்து நிற்கும் கூரையின்கீழ் அமர்ந்தபோது, அது ஒருவரின் பெயரன்று, ஊரில் பாதிப்பேர் பிழைத்த தொழிலின் பெயர் என்று உணர்ந்தேன்.

சர்ரேயிலிருந்து:

தென்கிழக்கில் இத்தொழிலாளர் ஃபுல்லர். லத்தீனிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்து, பிரெஞ்சுச் சொல்லால் மேலும் வலுப்பெற்ற பெயர் அது. அழுக்கெடுக்க அவர்கள் பயன்படுத்திய களிமண்ணை இங்கே ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்பார்கள்; எங்கள் பகுதியின் நட்ஃபீல்டில் அதை நெடுங்காலம் தோண்டியெடுத்தனர். நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியும் அந்த வகை மண்தான்.

தேவாலயத்தில் வேதபாடம் நடத்துபவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் ஆடை, பூமியில் துணி வெளுக்கும் எவராலும் இயலாத அளவு வெண்மையாய் ஒளிர்ந்ததைச் சொல்லுமிடத்தில், விக்ளிஃப் பெயரால் வழங்கும் 14ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ஃபுல்லர்’ என்று எழுதி, அருகிலேயே ‘துணி வாக்கர்’ என்றும் சேர்த்திருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு பகுதியாரின் சொல் மற்றொரு பகுதியாருக்கு விளங்காமல் போகக்கூடும் என்று மொழிபெயர்த்தவர் கருதியிருக்க வேண்டும். நம் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் நிற்பவர் வண்ணான்.

வேல்ஸிலிருந்து:

மதுரையிலிருந்து வந்தவன் என்பதால், டோனிபாண்டி என்னும் ஊருக்கு மாற்றலானபோது பெயரைக் கண்டு மகிழ்ந்தேன். வெல்ஷ் மொழியில் ‘பாண்டி’ என்றால் துணி மிதிக்கும் ஆலை என்று உடன் பணியாற்றும் ஒருவர் விளக்கினார். இங்கே நெடுங்காலம், நம்மைப் போலவே, தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே வழங்கியதால், தொழில் குடும்பப் பெயராவது அரிது. அது ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது.

லீட்ஸிலிருந்து மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வாக்கர் எனும் பெயருடைய ஒவ்வொருவரின் முன்னோரும் துணி மிதித்தவர் என்று கொள்ள வேண்டாம். டைன் ஆற்றங்கரையில் வாக்கர் என்றே ஓர் ஊர் உண்டு. ரோமானியர் எழுப்பிய மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அவ்வூரிலிருந்து வெளியேறிச் சிலர் அப்பெயரைக் கொண்டிருக்கலாம். எக்ஸிட்டர் நண்பர் அந்த மண்டபக் கூரையைப் படமெடுத்திருந்தால் அனுப்பி உதவுங்கள்; வியாழக்கிழமை பெரியவரைப் பார்க்கச் செல்லும்போது காட்ட விரும்புகிறேன்.