டிராக்டர் ஆமையாகிவிட்டது, டீலர் ஆள் 9 நாள் கழித்து வருவாராம். நானே சரிசெய்யச் சட்டத்தில் இடம் உண்டா?

மசால்காடு
அவசரம். சென்சார் போய்விட்டது என்று திரையில் வந்தது, புதுசு வாங்கி நானே மாட்டினேன், மாட்டியும் விளக்கு அணையவில்லை, இஞ்சின் பவரை இறக்கிக்கொண்டே வந்து இப்போது பேலரை (தீவனத்தைக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) இழுக்கவே மாட்டேன் என்கிறது. டீலரைக் கூப்பிட்டால், புதுப் பாகத்தை வண்டி ஏற்றுக்கொள்ள எங்கள் லேப்டாப்பை மாட்ட வேண்டும், ஆள் 9 நாள் கழித்துத்தான் வருவார் என்கிறார்கள். அந்த சாஃப்ட்வேரை எனக்குக் கொடுங்கள், பணம் கட்டுகிறேன் என்றேன். தரமாட்டார்களாம். வெட்டிப்போட்ட குதிரைமசால் தரையில் கிடக்கிறது, வியாழக்கிழமை மழை. சொந்த வண்டியை ரிப்பேர் செய்யும் உரிமை என்று ஏதோ சட்டம் வந்ததே, அதை வைத்து இவர்களிடம் வாங்க முடியுமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வரப்போரம்
எந்த வண்டி, எந்த வருடம், எந்த சென்சார்? சென்சார் போய்விட்டது என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி அண்ணா, இந்தக் காலத்து வண்டியில் திரும்பிய பக்கமெல்லாம் சென்சார்தானே.

சட்டப்புள்ளி
அதைவிட முக்கியம், எங்கே இருக்கிறீர்கள்? சட்டம் கேட்கிறீர்கள், நாட்டைக்கூடச் சொல்லவில்லை. அமெரிக்கா என்றால் மாநிலமும் வேண்டும்.

நீலமூடி
விளக்கு எரிந்து பவர் இறங்கினால் முக்கால்வாசி டெஃப்தான் (புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா நீர்) காரணம். யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், வெயிலில் கிடந்த கேனாக இருந்தால் கெட்டுப்போயிருக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சென்சாருக்குக் கொடுத்த பணம் தண்டம்.

போல்ட்டுநட்டு
மேலே ஒட்டியிருக்கும் 'கேள்வி கேட்கும் முன்' என்ற பதிவை எழுதியவன் நான்தான். ஆறு வருடமாகிறது, ஒருவரும் படிப்பதாகத் தெரியவில்லை. திரையில் இரண்டு எண் வந்திருக்கும். எஸ்பிஎன் என்பது எந்த உறுப்பு, எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன நோவு. முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு நேராகக் கடைக்கு ஓடிப் பாகம் வாங்குகிறவர்களை நம்பித்தான் உதிரிபாக வியாபாரமே நடக்கிறது. உங்கள் ஊர் வானிலையை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள், மகிழ்ச்சி.

புகைராஜா
இவ்வளவு எதற்கு ப்ரோ. டெஃப், எஸ்சிஆர் (டெஃப் தெளித்துப் புகையைச் சுத்தப்படுத்தும் அமைப்பு) எல்லாவற்றையும் சாஃப்ட்வேரிலேயே கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு மத்தியான வேலை. தனிச்செய்தி அனுப்புங்கள்.

சட்டப்புள்ளி
தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அமெரிக்காவில் அது தூய காற்றுச் சட்டத்துக்கு விரோதம், ரிப்பேர் உரிமைச் சட்டம் எதுவும் துணைக்கு வராது. பழுது பார்க்கிறவனையும் புகைக் கட்டுப்பாட்டைப் பிடுங்கிப் போடுகிறவனையும் ஒரே ஆள் மாதிரி காட்டித்தானே கம்பெனிகள் இத்தனை வருடம் மாநிலச் சட்டசபைகளில் எதிர்த்தன. புகைராஜா, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் அவர்களுக்கு வக்கீலே தேவையில்லை.

புகைராஜா
சரி சரி, வாயை மூடிக்கொண்டேன். 9 நாள் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கட்டும்.

மசால்காடு
மன்னிக்கவும், காட்டில் நின்றுகொண்டே தட்டினேன். கொலராடோ. 2018 மாடல், ஓட்டம் 2640 மணி. கம்பெனி பெயர் வேண்டாம், பக்கத்தில் இருப்பது இந்த ஒரு டீலர்தான், நாளைக்கும் அவர் முகத்தில் முழிக்க வேண்டும். எஸ்பிஎன் 3226, எஃப்எம்ஐ 9. புகைக்குழாய்க் கடைசியில் இருக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு அளக்கும்) சென்சார். டெஃப் போன வாரம் திறந்த கேன்.

நீலமூடி
போன வாரம் திறந்தது சரி, எப்போது தயாரித்தது? கேனில் தேதி இருக்கும்.

சட்டப்புள்ளி
2640 மணி என்றதும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இந்த அளவு டீசல் இஞ்சின்களின் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குக் குறைந்தது 5 வருடம் அல்லது 3000 மணி வாரண்டி தர வேண்டும் என்பது மத்திய விதி. ஆனால் எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு. மணியில் பாஸ், வருடத்தில் ஃபெயில்.

மற்றபடி கொலராடோ என்பது உங்கள் அதிர்ஷ்டம். விவசாயக் கருவிகளுக்கென்று ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம். மசோதா எண் எச்பி 23-1011. ஆளுநர் ஜாரெட் போலிஸ் 2023 ஏப்ரலில் கையெழுத்திட்டார், 2024 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உதிரிபாகம், வண்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேர், கருவி, கையேடு எல்லாவற்றையும் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் தர வேண்டும்.

நீங்கள்தான் ஆள் மாறிக் கேட்டிருக்கிறீர்கள். தர வேண்டிய கடமை தயாரிப்பாளருக்கு. டீலர் கவுண்ட்டரில் நிற்கும் பையனுக்கு இந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது, அவன் இல்லை என்று சொன்னதை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. கம்பெனிக்கே எழுத்தில் அனுப்புங்கள். வண்டி சீரியல் நம்பர், பாக நம்பர், கோட், 'இந்தப் பாகத்தை இணைத்துப் பவர் முடக்கத்தை நீக்கத் தேவையான கருவியும் சாஃப்ட்வேரும்' என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ மாநில அட்டர்னி ஜெனரலிடம் புகார், மீறினால் ஏமாற்று வணிகம் என்ற கணக்கில் வரும். ஒரே சங்கடம், இதில் எதுவும் வியாழக்கிழமைக்குள் நடக்காது.

வாரண்டிவாசு
மாக்னசன் மாஸ் சட்டத்தை விட்டுவிட்டீர்களே! 1975இலிருந்தே இருக்கிறது. எங்களிடம் மட்டும்தான் ரிப்பேர் செய்ய வேண்டும் என்று வாரண்டியைக் காட்டி மிரட்டக்கூடாது. அதைச் சொல்லி ஒரு போன் போட்டால் போதும்.

சட்டப்புள்ளி
வாசு சார், அது வீட்டு உபயோகப் பொருளுக்கு. விவசாயத் தொழிலில் ஓடும் இயந்திரத்துக்குப் பொருந்தாது என்று அதன் விதியிலேயே எழுதியிருக்கிறது. காருக்குச் செல்லும், டிராக்டருக்குச் செல்லாது. தனிச் சட்டம் கேட்டு விவசாயிகள் மாநிலம் மாநிலமாக அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரண்டிவாசு
தோட்டத்தில் புல் வெட்டவும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னால்?

போல்ட்டுநட்டு
பேலர் இழுக்கும் வண்டியில் புல் வெட்டுகிறாராம். அடுத்து.

எஃப்எம்ஐ 9 என்று இப்போதாவது சொன்னீர்களே. 9 என்றால் சென்சார் தப்பாக அளக்கிறது என்று அர்த்தம் இல்லை, சென்சாரின் குரலே கம்ப்யூட்டருக்கு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பழைய சென்சாருக்கும் இதே 9தான் வந்ததா? அப்படியென்றால் சென்சார்மேல் பழியே இல்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. லேப்டாப் கதையை ஓரமாக வைத்துவிட்டு மீட்டரை எடுங்கள். சாவியை அணைத்து, கேன் வயர் (டெஃப் கேன் இல்லை, சென்சாரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் CAN லைன்) இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள், 60 பக்கம் காட்ட வேண்டும், 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் சாவி போட்டு சென்சார் பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று பாருங்கள். கடைசியாக டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இது யாரும் செய்யமாட்டார்கள்.

சர்வீஸ்கொட்டகை
நான் ஒரு டீலரிடம் டெக்னீஷியனாக இருக்கிறேன் (வேறு மாநிலம், வேறு கம்பெனியாகவும் இருக்கலாம்). ஒரு வார்த்தை. 9 நாள் என்பது யாரும் வேண்டுமென்று சொல்வதில்லை. அறுவடை நேரத்தில் மூன்று பேர் நாற்பது பண்ணைக்கு ஓடுகிறோம். எல்லோருக்கும் முழு லேப்டாப்பையும் திறந்துவிட்டால் அளவீட்டைக் கன்னாபின்னாவென்று மாற்றி வைப்பார்கள், அப்புறம் அதையும் நாங்கள்தான் துடைக்க வேண்டும்.

மண்வெட்டிதாசன்
மூன்று பேரால் முடியவில்லை என்றால் நாலாவது ஆளாக உரிமையாளனே இருக்கட்டுமே! 12 வோல்ட் பேட்டரி மாற்றத் தெரிந்தவன் கையில் கொடுத்தால் உலகம் அழிந்துவிடுமா. 2015இல் டிராக்டர் கம்பெனி ஜான் டீர் அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்துக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறதா? வண்டியை வாங்குகிறவருக்குக் கிடைப்பது வண்டியின் ஆயுள்வரைக்கும் அதை ஓட்டுவதற்கான ஒரு மறைமுக உரிமம்தான் என்று. இரும்பு உங்களுடையது, மூளை எங்களுடையது. ஏர் வாங்கினவனிடம் கொழு எங்களுடையது என்று சொன்ன மாதிரி.

சர்வீஸ்கொட்டகை
அந்த வருடமே டிராக்டர் சாஃப்ட்வேர் பூட்டை ரிப்பேருக்காக உடைக்கலாம் என்று விலக்கும் கொடுத்தார்களே, அதையும் சொல்லுங்கள்.

மண்வெட்டிதாசன்
சொல்கிறேன். உடைக்கலாம், ஆனால் உடைக்கும் கருவியை எனக்கு யாரும் விற்கக்கூடாது. டிஜிட்டல் பூட்டுகளுக்கான பதிப்புரிமைச் சட்டம் டிஎம்சிஏ, அதன் 1201ஆம் பிரிவில் அந்தத் தடை அப்படியே நிற்கிறது. ஆக ஒவ்வொரு விவசாயியும் தனக்குத் தானே ஹேக்கிங் படித்துக்கொள்ள வேண்டும். பெரிய மனசு.

வரப்போரம்
இங்கே இந்தியாவில் 35 எச்பி பழைய வண்டியில் இந்தத் தலைவலி இல்லை, மரத்தடியிலேயே பம்பைப் பிரித்து மாட்டிவிடுவோம். ஆனால் 50 எச்பிக்கு மேலே 2023இலிருந்து புது மாசு விதி வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாத வண்டியே வருவதில்லை. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டது, எடுத்துக்கொண்ட நாலு துறையில் விவசாயக் கருவியும் ஒன்று. அதனால் அண்ணன் கதையைக் கவனமாகப் படிக்கிறேன்.

சர்வீஸ்கொட்டகை
2023 ஜனவரியில் அமெரிக்கப் பண்ணைக் கூட்டமைப்பே ஜான் டீருடன் ஒப்பந்தம் போட்டது. கையேடு, கருவி எல்லாம் தருகிறோம் என்று கம்பெனியே எழுதிக்கொடுத்தது. சட்டம் இல்லாமலே தீர்க்க வழி இருந்தது.

மண்வெட்டிதாசன்
அதே தாளில் இன்னொரு வரி இருக்கிறதே, கூட்டமைப்பு இனி ரிப்பேர் உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக நிற்கக்கூடாது என்று? சட்டம் வந்தால் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றும்? மீறினால் என்ன தண்டனை என்று தேடிப்பாருங்கள், கிடைக்காது. அவ்வளவு நன்றாகத் தீர்ந்திருந்தால் 2025 ஜனவரியில் எஃப்டிசி (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) ஏன் அதே கம்பெனிமேல் வழக்குப் போட்டது? எல்லா வேலையும் செய்யும் கருவி டீலர் கையில் மட்டும், விவசாயிக்குக் கொடுப்பது கை கால் ஒடிந்த பதிப்பு என்பதுதானே குற்றச்சாட்டு.

சர்வீஸ்கொட்டகை
குற்றச்சாட்டு. தீர்ப்பு இல்லை. கம்பெனி மறுத்திருக்கிறது.

மண்வெட்டிதாசன்
ஒடிந்த பதிப்பை நீங்கள் வைத்து வேலை செய்வீர்களா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தையில்.

சர்வீஸ்கொட்டகை
வேலை நேரத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்லமுடியாது.

மசால்காடு
மீட்டர் 60 காட்டியது. 12 வோல்ட் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் எர்த் பின் மற்ற பின்களைவிட ஒரு அரிசி மணி அளவு உள்ளே போயிருந்தது, மாட்டினால் தொடவே தொடாது. ஊசிமூக்குக் குறடால் பின்னாலிருந்து தள்ளினேன், டிக் என்று உட்கார்ந்தது. சந்தேகத்துக்குப் பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன். அதுவும் வேலை செய்கிறது!!

ஆனால் பவர் திரும்பவில்லை. கோட் 'பழையது' என்று மாறிவிட்டது, அதற்குக் கீழே 'சர்வீஸ் கருவியால் சோதனை செய்யவும்' என்று ஒரு வரி. கோளாறு போயே போய்விட்டது, தண்டனை மட்டும் போகவில்லை.

போல்ட்டுநட்டு
பழைய சென்சார் நல்ல சென்சார். நான் சொன்னேன், பதிவில் இருக்கிறது.

பவர் விஷயம்: சில வண்டிகளில் பாரம் கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் எஸ்சிஆர் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு முடக்கத்தை விட்டுவிடும். சிலவற்றில் கருவியிலிருந்து கட்டளை போனால்தான் விடும். உங்களுடையது இரண்டாவது வகை மாதிரி தெரிகிறது. இதற்கு மேல் மீட்டரால் ஒன்றும் ஆகாது. தம்பி பின்னைக் கண்டுபிடித்தது நல்ல வேலைதான்.

வரப்போரம்
போல்ட்டுநட்டு ஒருவரைப் பாராட்டிவிட்டார், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புள்ளி
கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் இதைத்தான் முதல் வரியாகப் போட வேண்டும். பழுது நீங்கிவிட்டது, பூட்டைத் திறக்கும் கட்டளை மட்டும் உங்களிடம் இருக்கிறது என்று. இதில் வர்த்தக ரகசியம், புகை, பாதுகாப்பு என்று எந்தச் சாக்கும் சொல்ல முடியாது. அந்த 'பழையது' திரையைப் படம் எடுத்து வையுங்கள், தேதி தெரிகிற மாதிரி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏகூட இந்தத் திடீர் பவர் முடக்கத்தைத் தளர்த்தச் சொல்லிக் கம்பெனிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. அதற்கும் சாஃப்ட்வேர் மாற்றம் கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்பது வேறு விஷயம்.

வாரண்டிவாசு
பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்களேன்?

போல்ட்டுநட்டு
வேண்டாம்.

மசால்காடு (ஐந்து நாள் கழித்து)
எல்லோருக்கும் நன்றி. பாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன், விடவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் 1979 வண்டியைக் கொடுத்தார், மழைக்கு முன்னால் பாதி கட்டியாகிவிட்டது, மீதி நனைந்து கறுத்துவிட்டது. கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: அருகிலுள்ள டீலரை அணுகவும். அதைப் புகாரோடு இணைத்து அனுப்பிவிட்டேன். புது நாக்ஸ் சென்சார் ஒன்று இருக்கிறது, பெட்டி பிரித்ததால் திரும்ப எடுக்கமாட்டார்களாம். யாருக்காவது வேண்டுமா?

நீலமூடி
டெஃப் தேதியைப் பார்த்தீர்களா, இல்லையா?