அன்றாடம் கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாற்று மேகசின் தேவையா?

பிளேனோ மளிகை:

நண்பர்களுக்கு வணக்கம். டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் சிறிய இந்திய மளிகைக் கடை நடத்துகிறேன். என்னிடம் கிரீன் கார்டு உள்ளது. இரவு கடையைச் சாத்திவிட்டு அன்றைய வசூலுடன் தனியாகக் கார் நிறுத்துமிடத்துக்கு நடக்க வேண்டியிருப்பதால், முறையாக வகுப்பில் சேர்ந்து உரிமம் பெற்று, 9 மி.மீ. சிக் பி365 கைத்துப்பாக்கி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இம்மாநிலத்தில் உரிமம் கட்டாயமில்லை என்றாலும், சட்டத்தைக் கற்றுக்கொண்ட பிறகே ஆயுதத்தைத் தொட வேண்டும் என்பது என் எண்ணம். மேகசினில், அதாவது பிடியினுள் செருகும் தோட்டாப் பெட்டியில், 10 தோட்டாக்கள், சுடத் தயாராகக் குழலின் பின்முனை அறையில் ஒன்று என மொத்தம் 11 இருக்கின்றன. நிரப்பிய இன்னொரு மேகசினையும் இடப்பக்க உறையில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்கிறார் என் பயிற்சியாளர். சுடுதளத்தில் பழக்கமான ஒருவரோ, அது காவலர்களுக்குத்தான் தேவை, கடைக்காரருக்கு வீண் சுமை என்கிறார். எதைக் கேட்பது? பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாவேன். மேற்படிப்புக்கு வந்துள்ள என் மைத்துனர் எங்களுடன் தங்கியிருக்கிறார் என்பதையும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே கார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டன் தெற்கு:

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உங்கள் சுடுதள நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிளாட் வெர்னர் என்ற பயிற்சியாளர், 1997 முதல் 2001 வரை பொதுமக்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொண்டதாகச் செய்திகளில் வந்த 482 நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். சுட நேர்ந்தவர்கள் சராசரியாக இரண்டு தோட்டாக்களையே பயன்படுத்தியிருந்தனர். மீண்டும் தோட்டா நிரப்ப வேண்டி வந்தவை மூன்றே மூன்று. தப்பிப் பிழைத்தவர்களின் கதைகளே பெரும்பாலும் செய்தியாகின்றன என்பதால் இந்தக் கணக்கில் ஒரு சாய்வு இருக்கத்தான் செய்யும். ஆனாலும் கொள்ளையன் எதிர்ப்பைக் கண்டவுடன் ஓடிவிடுவதே வழக்கம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

மாற்று மேகசினுக்கு ஆதரவாகப் பலரும் 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த எஃப்.பி.ஐ. மோதலை எடுத்துக்காட்டுவார்கள். இரண்டு கொள்ளையரை எதிர்கொண்ட எட்டு அதிகாரிகளில் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். கையில் குண்டு பாய்ந்த ஓர் அதிகாரியால் தன் ரிவால்வரில் மீண்டும் தோட்டா நிரப்ப முடியாமலே போயிற்று. ஆனால் அவர்கள் ஆயுதமேந்திய கொள்ளையரைத் தேடிச் சென்று மடக்கியவர்கள். தப்பிச் செல்ல வழி இருந்தாலும் விலகக் கூடாத கடமை அவர்களுக்கு இருந்தது. உங்கள் கடமை பணப்பையை எறிந்தாவது உயிரோடு வீடு திரும்புவது. அவர்களுடைய தேவையை உங்களுடைய தேவையாகக் கொள்ள வேண்டாம்.

சுடுகளப் பயிற்றுநர்:

மேலே எழுதிய நண்பரின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைத் தோட்டாக்களின் எண்ணிக்கையாகவே பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். மாணவர்களிடம் மாற்று மேகசின் வைத்திருக்கச் சொல்வது பதினொரு தோட்டா போதாது என்பதற்காக அன்று. அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் மிக எளிதில் கோளாறாகும் உறுப்பு மேகசின்தான் என்பதற்காகவே.

மெல்லிய தகடும் ஒரு சுருள்வில்லும் சேர்ந்த பெட்டி அது. மேல் விளிம்பு சற்றே வளைந்தாலோ, கீழே விழுந்து அடித்தட்டு கழன்றாலோ, சட்டைப்பைப் பஞ்சு உள்ளே சேர்ந்தாலோ, தோட்டா சரியாக ஏறாது. சுட்ட தோட்டாவின் கூடு அறையைவிட்டு வெளிவராமல் இருக்க, பின்னாலிருந்து புதிய தோட்டா வந்து முட்டிக்கொண்டால் துப்பாக்கி முற்றிலும் செயலற்றுப்போகும். அப்போது மேகசினின் அடியில் தட்டி, துப்பாக்கியின் மேல் முன்பின் நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்துவிடும் வழக்கமான வழி பயன்படாது. ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, மேகசினைப் பலமாகப் பிடுங்கி எறிந்து, ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து அறையைக் காலி செய்து, பிறகு ஒரு மேகசினைச் செருகி மீண்டும் ஒருமுறை இழுக்க வேண்டும். எறிந்த மேகசினை இருட்டில், கார்களுக்கு அடியில், நடுங்கும் கையால் தேடிக்கொண்டிருக்க முடியாது. இடப்பக்கம் இன்னொன்று இருந்தால் கை தானாக அங்கே போகும்.

இன்னொரு நிலையும் உண்டு. காரில் இருக்கைப் பட்டையோ, குனியும்போது வயிற்று மடிப்போ மேகசின் விடுவிப்புப் பொத்தானை அழுத்திவிட, மேகசின் பாதி இறங்கி நிற்பதை நான் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியை உருவும்போது அது கீழே விழுந்துவிட்டால் அறையில் உள்ள ஒரே ஒரு தோட்டாதான் மிஞ்சும்.

ஆகவே ஒன்று வைத்திருங்கள், ஒன்று போதும். வைத்திருப்பதானால் சரியாக வையுங்கள். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் போடாமல், தோட்டா முனை முன்னோக்கி இருக்கும்படி தனி உறையில் வையுங்கள். வீட்டில் வெடிமருந்தே இல்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டு மாற்றிப் பழகுங்கள். பழகாதவரிடம் இருக்கும் மாற்று மேகசின் வெறும் எடைதான். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆஸ்டின் செவிலியர்:

அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். இடப்பக்கம் ஒரு பொருளுக்குத்தான் இடம் என்றால், குருதிப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையை வையுங்கள் என்பேன். கை கால்களில் பெருநாளம் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். மருத்துவ ஊர்தி வந்து சேரும் வரை காப்பது அந்தப் பட்டைதான். துப்பாக்கிச் சூட்டைக் காட்டிலும் வாகன விபத்திலும் பெட்டி பிரிக்கும் கத்தியிலும் அது பயன்படும் வாய்ப்பே அதிகம்.

தோட்டா எண்ணிக்கை குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். 2012 ஆகஸ்டில் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டபோது, வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தனர். காவலர்களின் தோட்டாக்களும் அவற்றின் சிதறல்களுமே காரணம். நியூயார்க் காவலர்களைப் பற்றி 2008இல் வெளியான, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, எதிராளியும் சுடும் மோதல்களில் அவர்களுடைய குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கைத் தொட்டதாகக் கூறியது. பயிற்சி பெற்ற காவலர்களின் நிலையே இது. கடை வாசலில் நீங்கள் சுடும் ஒவ்வொரு குண்டும் எங்காவது போய்த் தைக்கும். அதற்கு நீங்களே பொறுப்பு.

சட்டம் படித்தவன்:

மைத்துனரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கவலை தருகிறது. கூட்டரசுச் சட்டப்படி, குடியேற்ற நோக்கமற்ற விசாவில் வந்தவர்கள், அதாவது எஃப்-1 மாணவர்களும், எச்-1பி வேலை விசாக்காரர்களும், அவர்களுடைய குடும்பத்தினரான எச்-4 விசாக்காரர்களும், துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் நம்ப வேண்டும். அத்தகையவர் என்று தெரிந்தே ஒருவரிடம் தோட்டாவைக் கொடுப்பதும் குற்றமே. மாற்று மேகசின் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைக் காரின் முன்பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மறுநாள் அதே காரில் மைத்துனர் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது காவலர் நிறுத்தினால், அவருடைய படிப்பும் விசாவும் கேள்விக்குள்ளாகலாம்.

மாநில எல்லையையும் கவனியுங்கள். டெக்சாஸில் மேகசின் கொள்ளளவுக்கு வரம்பில்லை. கொலராடோவில் 15, நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் 10 என வரம்பு உண்டு. உங்கள் 10 தோட்டா மேகசின் அளவுக்குள் இருந்தாலும், டெக்சாஸ் உரிமத்தை நியூயார்க் ஏற்பதில்லை.

பிளேனோ மளிகை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மேகசினே கோளாறாகும் என்ற கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஒரு மாற்று மேகசினும் டூர்னிக்கே பட்டையும் வைத்துக்கொள்ள முடிவு செய்துள்ளேன். வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பாக்கியும் மேகசினும் சேர்ந்தே எண்பூட்டுப் பெட்டிக்குள் போகும், எண் எனக்கு மட்டுமே தெரியும். டிசம்பரில் சென்னை செல்கிறோம். அதற்காகத் தனியே ஏதேனும் செய்ய வேண்டுமா?

சட்டம் படித்தவன்:

சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையை ஊர்ப் பயணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பையின் தையல் மடிப்பில் ஒற்றைத் தோட்டா சிக்கியிருந்தாலும், இந்திய விமான நிலையத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்குப் பதிவாகலாம். அது இருப்பதே தெரியாது என்பதை ஏற்று உயர் நீதிமன்றங்கள் வழக்கை ரத்து செய்ததுண்டு. ஆனால் அதுவரை அலைய வேண்டியவர் நீங்கள்தான். பயணத்துக்குப் புதிய பை வாங்கிவிடுங்கள். துப்பாக்கியை மறைக்கப் போடும் மேற்சட்டையின் பைகளையும் மறக்காமல் வெளியே இழுத்துப் பாருங்கள்.