ஆறாவது போறதுக்கு முன்னாடி பின்னம், தசமம் ரிவிஷன் - எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

அம்மா_ஒருத்தி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு அஞ்சாவது முடிச்சிட்டா, ஆறாவது ஆரம்பிக்க இன்னும் ஆறு வாரம் இருக்கு. கணக்குல மார்க் எல்லாம் நல்லாதான் வாங்கினா, அதனால நானும் கண்டுக்கல. நேத்து சும்மா பேச்சுவாக்குல 1/2 + 1/3 எவ்ளோன்னு கேட்டேன், யோசிக்கக்கூட இல்ல, டக்குன்னு 2/5ன்னு சொல்லிட்டா. சரி பின்னம் மறந்திருப்பா, புள்ளி கணக்காவது வருதான்னு பார்க்கலாம்னு 3.7 + 12 போட சொன்னா 4.9 எழுதி வெச்சிருக்கா. ஏம்மா 12ஐயே கூட்டியிருக்க, விடை எப்படி அஞ்சுக்கும் கம்மியா வரும்னு கேட்டா "புள்ளி இருக்குல்லம்மா"ங்கறா. இதுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

என் பிரச்சினை என்னன்னா எனக்கும் இதெல்லாம் மனப்பாடமாதான் தெரியும். பின்னத்தை பின்னத்தால வகுக்கணும்னா ரெண்டாவதை தலைகீழா திருப்பி பெருக்கு, அவ்ளோதான், ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் கிடையாது. இப்போ ஒரு பயிற்சி புக் எடுத்து மொத்தமா போட வைக்கறதா, இல்ல முதல்லேர்ந்து சொல்லித்தரணுமா? பின்னம் முதல்லயா தசமம் முதல்லயா? ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல உட்கார மாட்டா, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க ப்ளீஸ்.

---

சாக்பீஸ்:

மேடம், நான் ஆறு ஏழு எட்டு வகுப்புகளுக்கு ரொம்ப வருஷமா கணக்கு எடுக்கறேன். நீங்க சொன்ன 2/5, 4.9 ரெண்டையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துடுவேன், அதனால பயப்படாதீங்க. ஆனா புக் எடுத்து போட வைக்கறதை கொஞ்சம் தள்ளி வைங்க. உங்க பொண்ணுக்கு கூட்டத் தெரியாம இல்ல, 1/2ங்கறது ஒரே ஒரு எண்ணுன்னு இன்னும் மனசுல உட்காரல. மேல ஒரு எண், கீழ ஒரு எண், நடுவுல கோடு, அப்போ மேல மேலயும் கூட்டு, கீழ கீழயும் கூட்டு, அவ பண்ணது அவ்ளோதான். அவ கண்ணுல படறபடி பார்த்தா அது தப்பே இல்ல பாருங்க.

இது உங்க வீட்டு பிரச்சினை மட்டும் இல்ல. 1978ல அமெரிக்காவுல தேசிய அளவுல ஒரு தேர்வு வெச்சப்போ 13 வயசு பசங்களை 12/13 + 7/8 தோராயமா எவ்ளோன்னு கேட்டாங்க, கணக்கு போட வேண்டாம், 1, 2, 19, 21ல ஒண்ணை சொன்னா போதும். ரெண்டுமே கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால விடை 2. அதை சரியா சொன்னது 24 சதவீதம் பேர்தான், பாதிக்கு மேல 19ஐயோ 21ஐயோ எடுத்தாங்க. அதாவது மேல இருக்கறதை கூட்டினாங்க, இல்ல கீழ இருக்கறதை கூட்டினாங்க.

நான் கிளாஸ்ல பண்றது இதான். 24 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பேப்பர் ஸ்ட்ரிப் வெட்டிக்கோங்க. ஏன் 24ன்னா அது 2, 3, 4, 6, 8, 12 எல்லாத்தாலயும் மீதி இல்லாம வகுபடும். அந்த முழு ஸ்ட்ரிப்தான் 1. இப்போ 1/2ஐ கோடு போட சொல்லுங்க, 12ல போடுவா. 1/3 எங்கன்னு கேளுங்க, 8ல. 1/2 + 1/3னா 12ம் 8ம் சேர்ந்து 20. 24ல 20, சுருக்கினா 5/6. அவ சொன்ன 2/5 எங்க வரும்னு கேளுங்க, 9.6ல வரும், அதாவது பாதிக்கும் முன்னாடி. பாதியோட இன்னொண்ணை கூட்டினா பாதியை விட கம்மியாகுமான்னு அவளே கேட்பா. நீங்க வாயைத் திறக்காம இருக்கணும், அதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு, 3/4ஐ "மூணு பை நாலு"ன்னு படிக்க விடாதீங்க. "நாலுல மூணு"ன்னு படிக்க சொல்லுங்க. தமிழ்ல அப்படி சொன்னாலே நாலா பிரிச்சு அதுல மூணு எடுத்திருக்குன்னு அர்த்தம் வந்துடுது. பழைய சொல் அரைக்கால் இருக்கு பாருங்க, காலோட அரை, அதாவது 1/2 × 1/4 = 1/8. பெருக்கல் அந்த சொல்லுக்குள்ளயே இருக்கு! ஸ்ட்ரிப்ல கால் 6 செ.மீ, அதுல பாதி 3 செ.மீ, 24ல 3 எடுத்தா 1/8. பெருக்கினா பெருசாகணும்னு நினைக்கற பசங்களுக்கு இது நல்ல வைத்தியம்.

பின்னம் முதல்ல. தசமம் அப்புறம்.

---

கோடு_போட்ட_நோட்டு:

சார் சொல்றது சரி, ஆனா ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். ஸ்ட்ரிப் வெட்டி புரிய வைக்கறது எல்லாம் ஒரு வாரத்துக்கு ஓகே, அதுக்கப்புறம் கை வேகம் வேணும். எங்க வீட்டு பையனுக்கு எல்லாமே "புரிஞ்சுது", கேட்டா அழகா விளக்குவான், ஆனா 5/12 + 7/18 குடுத்தா எல்சிஎம் 36ன்னு கண்டுபிடிக்கவே அஞ்சு நிமிஷம், ஏன்னா வாய்ப்பாடு வீக். 15/36 + 14/36 = 29/36, இதுல பின்னத்தோட தப்பு ஒண்ணும் இல்ல, முழுக்க முழுக்க வாய்ப்பாடுதான். அதனால தினமும் முதல் அஞ்சு நிமிஷம் 12 வரைக்கும் வாய்ப்பாடு, அதுவும் வரிசையா ஒப்பிக்கறது இல்ல, குறுக்க குறுக்க கேட்கணும், 56 எதெதால வகுபடும்னு பின்னாடிலேர்ந்தும் கேட்கணும். சுருக்கறதுக்கு அதுதான் வேணும்.

---

சாக்பீஸ்:

மறுக்கல. வாய்ப்பாடு இல்லாம எல்சிஎம் இழுவைதான். ஆனா வாய்ப்பாடு மட்டும் இருக்கற பையன் 2/5ஐ ரொம்ப வேகமா எழுதுவான், அதையும் பார்த்திருக்கேன்.

---

அம்மா_ஒருத்தி:

ரெண்டு பேருக்கும் நன்றி! ஸ்ட்ரிப் வெட்டி உட்கார்ந்தோம், 20ல விரல் வெச்சுட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அப்போ நான் நேத்து சொன்னது கூட்டல் இல்ல, கழித்தல் மாதிரி ஆயிடுச்சு"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல சார், சத்தியமா.

கலப்பு பின்னத்துல வேற ஒரு கூத்து. 5 1/4 − 2 3/4 குடுத்தேன், 3 2/4ன்னு எழுதினா. 5லேர்ந்து 2 போனா 3, சரி, 1/4லேர்ந்து 3/4 போகாதுல்ல, அதனால திருப்பி 3/4லேர்ந்து 1/4ஐ கழிச்சுட்டா. இதை எப்படி சரி பண்றது? அப்புறம் அந்த திருப்பிப் பெருக்கறது ஏன்னு யாருமே சொல்லலியே.

---

பின்வரிசை:

அந்த கழித்தல்ல கடன் வாங்கறதை விட ஈஸியா ஒண்ணு இருக்கு, 2 3/4லேர்ந்து மேல நடந்து போக சொல்லுங்க. 2 3/4லேர்ந்து 3க்கு 1/4, 3லேர்ந்து 5க்கு 2, 5லேர்ந்து 5 1/4க்கு இன்னொரு 1/4, மொத்தம் 2 1/2. எனக்கு ஸ்கூல்ல இதை யாரும் சொல்லல, எப்பவும் தகா பின்னமா மாத்தி 21/4 − 11/4 = 10/4ன்னு போட வைப்பாங்க, அதுவும் சரிதான், ஆனா 10/4ஐ பார்த்தா அது எவ்ளோ பெருசுன்னே எனக்கு தோணாது.

---

சாக்பீஸ்:

நடந்து போறது நல்ல வழி. ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது, ஏன்னா பெருக்கல் வகுத்தல்ல தகா பின்னமா மாத்தியே ஆகணும்.

திருப்பிப் பெருக்கறதுக்கு வரேன். வகுத்தல்னா "இதுக்குள்ள அது எத்தனை தடவை போகும்", அவ்ளோதான். 3 ÷ 1/4னா மூணுக்குள்ள எத்தனை கால்? ஒண்ணுல நாலு கால், மூணுல 12. பாருங்க, 3 × 4 தானா வந்துடுச்சு, நாம எதையும் திருப்பல. 3/4 ÷ 1/8னா ஸ்ட்ரிப்ல 18 செ.மீக்குள்ள 3 செ.மீ எத்தனை, 6. சரி, 2/3 ÷ 3/4? 16 செ.மீக்குள்ள 18 செ.மீ எத்தனை தடவை? ஒரு தடவைகூட முழுசா போகாது, 18ல 16 பங்கு போகும், அதாவது 8/9. இப்போ திருப்பிப் பெருக்கிப் பாருங்க, 2/3 × 4/3 = 8/9. ஸ்ட்ரிப்பை விட்டுட்டு சொல்லணும்னா பகுதியை, அதாவது கீழ இருக்கற எண்ணை, சமமாக்கிடுங்க, 8/12 ÷ 9/12, ரெண்டுமே பன்னிரண்டுல ஒரு பங்குங்கற துண்டுதான், எட்டு துண்டை ஒன்பது துண்டால வகுக்கறோம், 8/9. திருப்பறது இதோட குறுக்கு வழிதான்.

இதுல ஏன் இவ்ளோ நேரம் செலவு பண்ண சொல்றேன்னா, கொஞ்ச நாள்ல x/2 + x/3 = 10னு வந்து நிக்கும். கால்குலேட்டர் அங்க உதவாது. 1/2ம் 1/3ம் சேர்ந்தா 5/6ன்னு தெரிஞ்சவங்களுக்கு 5x/6 = 10, x = 12ன்னு போயிடும். விகிதம், சதவீதம், சரிவு, நிகழ்தகவு எல்லாமே பின்னத்தோட வேற வேற சட்டைதான்.

---

கோடிங்_ஆசாமி:

தசமத்தை யாரும் தொடலியே, நான் எழுதறேன். முதல்ல 0.4, 0.35, 0.305 மூணையும் சின்னதுலேர்ந்து பெருசா எழுத சொல்லுங்க. 0.4, 0.35, 0.305ன்னே எழுதினா அவ புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை 4, 35, 305ன்னு முழு எண்ணா படிக்கறான்னு அர்த்தம். இதுக்கு பாதி காரணம் நாமதான், 0.35ஐ "பூஜ்யம் புள்ளி முப்பத்தஞ்சு"ன்னு சொல்றோம் இல்ல. "புள்ளி மூணு அஞ்சு"ன்னு சொல்லுங்க, இல்ல "நூத்துல முப்பத்தஞ்சு"ன்னு சொல்லுங்க. அளவு டேப்ல ஒரு மீட்டர் எடுத்தா இன்னும் தெளிவு, 0.4 மீட்டர் 40 செ.மீ, 0.35 மீட்டர் 35 செ.மீ, 0.305 மீட்டர் 30.5 செ.மீ. சண்டையே இல்ல.

3.7 + 12ல நடந்தது என்னன்னா வலது பக்க ஓரத்தை ஒட்டி எழுதிட்டா, 37 + 12 மாதிரி. 12ஐ 12.0ன்னு எழுத வெச்சு புள்ளிக்கு நேரா புள்ளி வெச்சா சரியாயிடும், 15.7. கட்டம் போட்ட நோட்டுல எழுதினா இந்த தப்பு பாதி குறைஞ்சுடும்.

பெருக்கல்ல ரெண்டு பொறி இருக்கு. 0.2 × 0.3 = 0.6ன்னு எழுதுவாங்க, பின்னமா மாத்தினா 2/10 × 3/10 = 6/100, அதாவது 0.06. அடுத்தது 2.5 × 0.4, 25 × 4 = 100 வரைக்கும் சரியா வருவாங்க, அப்புறம் அந்த பூஜ்யத்தை எல்லாம் அடிச்சுட்டு மிச்சம் இருக்கற 1க்கு ரெண்டு இடம் தள்ளி 0.01ன்னு வெப்பாங்க. புள்ளியை முதல்ல வைக்கணும், பூஜ்யத்தை அப்புறம் அடிக்கணும், 1.00. அதை விட முக்கியம், போடறதுக்கு முன்னாடியே ரெண்டரையில பாதிக்கும் கொஞ்சம் கம்மி, சுமார் ஒண்ணு வரும்னு வாயால சொல்ல வைங்க. 0.01 வந்தா அவளுக்கே உறுத்தும்.

வகுத்தல்ல 4.2 ÷ 0.06 மாதிரி வந்தா ரெண்டையும் 100 ஆல பெருக்கிட்டு 420 ÷ 6 = 70. "புள்ளியை நகர்த்தறோம்"னு சொல்லாதீங்க, சமான பின்னம்தான் அது, மேலயும் கீழயும் ஒரே எண்ணால பெருக்கறோம்.

(சும்மா ஒரு தகவல், நிறைய கம்ப்யூட்டர் மொழியில 0.1 + 0.2 போட்டா 0.30000000000000004ன்னு வரும், ஏன்னா மெஷின் ரெண்டை அடியா வெச்சு எண்ணுது, அதுல 0.1 முடிவே இல்லாம போகும். நாம பத்தை அடியா வெச்சு எழுதறப்போ 1/3 எப்படி 0.333...ன்னு முடியாம போகுதோ, அதே கதி. வேலைக்கு சேர்ந்த புதுசுல இதை ஒரு நாள் பூரா தேடினேன்.)

---

அம்மா_ஒருத்தி:

0.4, 0.35, 0.305ன்னேதான் எழுதினா, நீங்க சொன்ன மாதிரியே. டேப் எடுத்து காமிச்சேன், "ஓ இவ்ளோதானா"ன்னு போயிட்டா. பத்து கணக்குல இப்போ ஏழு எட்டு சரியா வருது, பெருக்கல்ல மட்டும் இன்னும் புள்ளியை எங்கயாவது வெச்சுடறா. வாய்ப்பாடும் தினமும் ஓடுது, 7 × 8லதான் தினமும் நிக்குது.

ஆனா இன்னிக்கு அவ என்னை மாட்டிவிட்டா. 1/3ஐ வகுத்து 0.333ன்னு போயிட்டே இருக்குன்னு கண்டுபிடிச்சா, 1/7ஐ வகுத்தா 142857 திரும்பத் திரும்ப வருது, 2/7க்கும் அதே எண்கள் 285714ன்னு சுத்தி வருதுன்னு ஒரே குஷி. 1/8 மட்டும் ஏன் 0.125ல நின்னுடுதுன்னு கேட்டா. அதுக்கு மேல, 0.333...ஐ மூணால பெருக்கினா 0.999... வருது, ஆனா 1/3 × 3 = 1 தானே, அந்த மிச்சம் எங்கம்மா போச்சுன்னு கேட்கறா. நான் அடுப்பை பார்க்கணும்னு எழுந்து வந்துட்டேன்.

---

சாக்பீஸ்:

பின்னத்தை முழுசா சுருக்கின அப்புறம் பகுதியை பகாக் காரணியா பிரிச்சா அதுல 2ம் 5ம் மட்டும் இருந்தா தசமம் நின்னுடும், ஏன்னா பத்துங்கறதே 2 × 5. 8ல 2 மட்டும்தான், நிக்குது. 3, 7 எல்லாம் பத்தோட ஒட்டாது, அதனால சுத்தும். 1/6, 1/12, 1/40, 1/75 குடுத்து எது நிக்கும்னு வகுக்காமலே சொல்ல சொல்லுங்க, அதுல 1/40 மட்டும்தான் நிக்கும்.

0.999...க்கு மிச்சம் எங்கயும் போகல மேடம், 0.999...ம் 1ம் ஒரே எண்தான், எழுதற விதம்தான் ரெண்டு. நம்ப மாட்டேன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு எண்ணை கண்டுபிடிச்சு எழுத சொல்லுங்க.

---

அம்மா_ஒருத்தி:

பேப்பர் எடுத்துட்டு போயிருக்கா. ஒரு மணி நேரமா சத்தத்தையே காணோம்.