பாட்டிக்கு ஒரு பக்கம்

குழு: சிப்புட் குடும்பம் (சுங்கை சிப்புட், மலேசியா)

அண்ணன்: எல்லாருக்கும் காலை வணக்கம். பாட்டியோட முதலாம் ஆண்டு பூசைக்குக் கொடுக்கற அட்டை, வியாழக்கிழமைக்குள்ள அச்சுக்குப் போகணும். நான் எழுதினது இது, பாத்துச் சொல்லுங்க: "1934-இல் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்து, அன்பே உருவாய், பொறுமையின் சிகரமாய் வாழ்ந்து, 90-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த எங்கள் பாசமிகு பாட்டி..."

மாமா: பொறுமையின் சிகரமா? யாரு, எங்கம்மாவா? 😄

சித்தி: அண்ணே, காலங்காத்தாலயே ஆரம்பிக்காதீங்க. பசியாறிட்டு வாங்க.

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 1:12

அண்ணன்: அம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன். யாராவது கேட்டு எழுதிப் போடுங்க.

நான்: பெரியம்மா சொல்றது: 1934 தப்பு. அது ஐ.சி-ல, அடையாள அட்டையில உள்ள வருசம். செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலையாள் பதிவேட்டுல, சீக்கிரம் பேர் ஏத்தணும்னு தோட்டத்துக் கிராணிகிட்ட (கணக்கர்) சொல்லி ரெண்டு வயசு கூட்டிப் போட்டுட்டாங்களாம். கோயில் ஞானஸ்நான ஏட்டுல 1936-னுதான் இருக்கு. ஆக 88 வயசு. "கோயில் அட்டையில கோயில் கணக்கையே போடுங்க"னு சொல்றாங்க.

மாமா: அதான் சட்டப்படி சின்னப் பிள்ளையா இருக்கும்போதே தனக்குன்னு ஒரு நிரை (மர வரிசை) எடுத்து பால்மரம் வெட்டப் போயிருக்காங்க. இந்த விசயத்தை எழுதுடா மருமகனே. பொறுமை கிறுமை எல்லாம் எல்லா அட்டையிலயும்தான் இருக்கு.

அக்கா (கிள்ளான்): மாமா சொல்றது சரி. "அன்பே உருவாய்"னு போட்டா எனக்குச் சிரிப்பு வரும். என் கல்யாணத்துக்கு பாட்டி வரல. மாப்பிள்ளை இந்துன்னு. அது எல்லாருக்கும் தெரியும்.

சித்தி: பிள்ளை பிறந்தப்ப வந்தாங்கல்ல?

அக்கா (கிள்ளான்): வந்தாங்க. காய மருந்து, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் கட்டி எடுத்துட்டு வந்தாங்க. உள்ள நுழைஞ்சதும் முதல் கேள்வி, "ஞானஸ்நானம் எப்ப?" பிள்ளை முகத்தைக்கூட இன்னும் பாக்கல. என் மாமியார் முன்னாடியே கேட்டாங்க. எனக்கு இப்பவும் கோவம்தான். ஆனா அந்த மருந்தை வேற யாருக்கும் அப்படி இடிக்கத் தெரியாது.

பெரியம்மா: அன்பே உருவாய் எடுத்துரு

(பெரியம்மா டைப் பண்ணிட்டாங்க!)

தம்பி: நான் ஒண்ணு கேக்கலாமா? பாட்டி ஞாயித்துக்கிழமை காலையில தண்ணிகூட குடிக்க மாட்டாங்களே, அது ஏன்? பூசையில நன்மை (நற்கருணை) வாங்க ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தா போதும்னு எங்க மறைக்கல்வி டீச்சர் சொன்னாங்க.

மாமா: ஒரு மணி நேரம் ஆக்கினது 1964-ல. அதுக்கு முன்னாடி 1957-ல மூணு மணி நேரம்னு குறைச்சாங்க. அதுக்கும் முன்னாடி நடுராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது. எங்கம்மா கணக்கு கடைசி வரைக்கும் நடுராத்திரிதான். இனிப்பு நீர் நோய் வந்தப்புறமும் அப்படியே. டாக்டர் திட்டினார், சாமியார் கூப்பிட்டுச் சொன்னார். "சாமி, உங்களுக்குப் புதுச் சட்டம், எனக்குப் பழசு போதும்"னுட்டாங்க. ஒரு தடவை காணிக்கை நேரத்துல மயங்கி விழுந்தாங்க. அப்பவும் நன்மை வாங்கிட்டுத்தான் மைலோ குடிச்சாங்க.

மாமா: இன்னொண்ணு. 1948-ல இங்கதான கம்யூனிஸ்டுங்க வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரைச் சுட்டு, அவசர காலம் வந்துச்சு. கம்பி வேலி, கேட்டுல சோதனை. காட்டுக்குள்ள இருக்கற கம்யூனிஸ்டுங்களுக்குப் போய்டும்னு வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துட்டுப் போக விடமாட்டான். அம்மாவுக்குப் பசி அப்பவே பழகிப்போச்சு. இதெல்லாம் பக்தின்னு மட்டும் நினைக்காதீங்க.

சித்தி: பக்தியும்தான்ணே. ராத்திரி செபமாலையை மறந்துட்டீங்களா? லயத்துல, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுல, சிமெண்ட் தரை, முழங்கால் போட்டு அஞ்சு பத்து மணியும் சொல்லணும். அவங்க வலது கையில செபமாலை, இடது கையில பனை விசிறி. கொசுவுக்கும் அதே விசிறி, தூங்கி விழற பிள்ளைக்கும் அதே விசிறி. "அருள் நிறைந்த மரியே" நடுவுல ஒரு அடி, செபம் மட்டும் நிக்காது.

அக்கா (கிள்ளான்): அதுக்கப்புறம் வரும் பாருங்க, வேண்டிக்கற பேரோட அந்த ஜாபிதா!

சித்தி: ஆமா! சீக்காளிங்க, பயணம் போனவங்க, செத்தவங்கன்னு மூணு கட்டு. மளிகைக்கடை சீனப் பெரியவர், பால் லாரி ஓட்டின மலாய்க்காரர், மாரியம்மன் கோயில் பூசாரி பொஞ்சாதி, எல்லாரும் அதுல உண்டு. கடன் கொடுத்தவங்க பேரு முதல்ல வரும். 😂

நான்: அவங்க அப்பா பேரு எந்தக் கட்டுல வரும்?

பெரியம்மா: 🎤 குரல் பதிவு 2:40

நான்: எழுதறேன். "எங்க தாத்தாவ 1943-ல ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போனான். சயாம் ரயில் போடறதுக்கு. மூணு மாச வேலைன்னு சொன்னான். அம்மாவுக்கு அப்ப ஏழு வயசு. திரும்பி வரல, சேதியும் வரல. கூடப் போய்த் திரும்பினவங்களும் 'பாத்தோம்'னு ஒரு ஆள்கூடச் சொல்லல. அதனால அம்மா அவரைப் பயணம் போனவங்க கட்டுலயே வெச்சிருந்தாங்க. நாங்க பிள்ளைகளா இருந்தப்ப, தாத்தா ஏதோ வெளியூர்ல வேலை செய்றார்னே நினைச்சுக்கிட்டு இருந்தோம். அம்மாவோட அம்மா சாகற வரைக்கும் அப்படித்தான். அந்தக் கிழவியை அடக்கம் பண்ணின ராத்திரிதான் ரெண்டு பேரையும் சேத்து மூணாவது கட்டுல சொன்னாங்க. ஏன்னு நாங்க கேக்கல, அவங்களும் சொல்லல."

தம்பி: அந்த ரயில் பாதை சயாம்ல இருந்து பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர். நாங்க வரலாறு பாடத்துல படிச்சோம். வெள்ளைக்காரப் போர்க் கைதிங்க பத்தி நிறைய இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே வரி.

சித்தி: நவம்பர் 2 கல்லறைத் திருநாள்ல அம்மா எல்லாக் கல்லறைக்கும் மெழுகுத்திரி கொளுத்திட்டு, நடுவுல இருக்கற பெரிய சிலுவைக்கிட்ட தனியா ஒண்ணு வைப்பாங்களே. அது அவருக்குத்தான்.

அண்ணன்: மீட்டிங் முடிஞ்சது. எல்லாம் படிச்சேன். அட்டையில இடம் ஒரு பக்கம்தான்!! புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போனதைப் போடணுமா வேண்டாமா?

மாமா: போடாம? ஜூலை 26-க்குப் புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போகாத வருசம் எது? முதல்ல தோட்டத்து லாரியில, அப்புறம் பஸ்ல. கிணத்துத் தண்ணியை சர்பத் போத்தல்ல பிடிச்சிட்டு வந்து லயம் பூரா பங்கு வைப்பாங்க. எதிர்வீட்டு ஆச்சி விபூதி வெச்ச நெத்தியோட வந்து வாங்கிட்டுப் போகும்.

அக்கா (கிள்ளான்): ஆச்சிக்குத் தண்ணி கொடுத்தவங்க என் வீட்டுக்காரர் கையில ஒரு டீ வாங்கிக் குடிக்க எத்தனை வருசம் ஆச்சு. சரி விடுங்க.

மாமா: நிலநிதியையும் சேத்துக்க. தொழிலாளிங்க காசுல தோட்டம் வாங்கறதுக்காக 1960-ல அமைச்சர் சம்பந்தன் தொடங்கின கூட்டுறவுச் சங்கம். பங்கு 100 வெள்ளி, மாசம் பத்து பத்தா கட்டினாங்க. அந்தப் பாஸ் புத்தகம் பைபிளுக்குள்ளதான் இருக்கும்.

அண்ணன்: மாமா, அட்டையா, புத்தகமா?

நான்: அண்ணே, இப்படிப் போடலாமா பாருங்க:

"1936-இல் பிறந்தவர். தகப்பனார் 1943-இல் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். சிறு வயதிலேயே பால்மரம் வெட்டத் தொடங்கி, ஆறு பிள்ளைகளை வளர்த்தார். ஒவ்வோர் இரவும் செபமாலைக்குப் பின் தமக்குத் தெரிந்த எல்லாருடைய பெயரையும் சொல்லி வேண்டினார். ஆண்டுதோறும் அன்னம்மாள் திருநாளுக்குச் சென்றார். கண்டிப்பானவர்."

மாமா: "கண்டிப்பானவர்" நல்லா இருக்கு.

அக்கா (கிள்ளான்): 👍 அதை எடுக்காதீங்க.

பெரியம்மா: தாத்தா பேரும் போடு. மறைந்தனு போடாதே

அண்ணன்: சரிம்மா. அம்பது அட்டை அடிக்கிறேன். ஞாயிறு எட்டரைக்குப் பூசை, அப்புறம் மாமா வீட்டுல சாப்பாடு. ஈப்போவுல இருந்து சித்தியை யார் ஏத்திட்டு வர்றது?

தம்பி: நான் வர்றேன். சித்தி, ஏழு மணிக்கு ரெடியா இருங்க.

சித்தி: ஆறரைக்கே வா. போன தடவை நீ வந்தப்ப முதல் வாசகம் முடிஞ்சு போச்சு.