கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் ஒருநாள் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
மார்கழியில் அப்பாவோடு கோடியக்கரை போனேன். பூநாரை, வெளிமான், ராமர் பாதம் என்கிற மேடு எல்லாம் பார்த்தோம், அதை விடுங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த சோழர் காலக் கலங்கரை விளக்கத்தை மறுபடி பார்க்கத்தான் அப்பா வந்தார். 2004 சுனாமியில் அது விழுந்துவிட்டது அவருக்கும் தெரியும். ஆனாலும் கரையில் கிடந்த சிதிலத்தைப் பார்த்ததும் பேச்சே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடிந்த கட்டடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. நான் மணியைப் பார்த்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள கிளம்பணும்ப்பா" என்றேன். உடனே வந்துவிட்டார். பத்து நிமிஷம் விட்டிருக்கலாம்.

மன்னார்குடியிலிருந்து:
நான் சொல்வது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஜாம்புவானோடையில் படகு ஏறினோம். இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் குச்சி குச்சியாக நிற்கும், தெரிந்ததுதானே. நடுவில் படகோட்டி அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கிளையை வளைத்து, "இலையைத் தொட்டு நாக்குல வைங்க தம்பி" என்றார். உப்பு! வேர் இழுக்கும் உப்பை அலையாத்தி இலை வழியாக வெளியே தள்ளுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் காடு மொட்டையாக நின்றதாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தக் கிளையைத்தான் பார்த்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து:
ராமர் பாதத்தை "விடுங்கள்" என்று முதலில் எழுதியவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்தான், ஆனால் கோடியக்கரையில் அதைவிட உயரமான இடம் கிடையாது. வயலும் வாய்க்காலுமாகப் பார்த்து வளர்ந்த நமக்கு அதுதான் மலை. அதன் மேலிருந்துதான் ஒரு மட்டக்குதிரையையும் குட்டியையும் பார்த்தேன். குட்டி தாயின் நிழலை விட்டு நகரவே இல்லை.

அப்புறம், போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். கோடியக்கரைக் காட்டுக்குள் போவதற்கும் முத்துப்பேட்டைப் படகுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், முதல் நாளே கேட்டுவிடுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பறவைக்கு என்றால் மார்கழி, தை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். உப்பளத்தில் வேலை நடப்பதைப் பார்க்கப் பங்குனி, சித்திரை. கோடியக்கரை போகும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் கட்டாயம் இறங்குங்கள். உப்புச் சத்தியாகிரகத்தில், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய இடம், நினைவுத் தூண் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
தண்ணீர் கொண்டுதான் போனோம் அண்ணே. ராமர் பாதத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கு அப்பாவின் கைதான் கண்ணிலேயே நிற்கிறது. நேற்று சாப்பிடும்போது, "அடுத்த வாரம் மறுபடி போவோமாப்பா" என்று கேட்டேன். "காலையிலேயே கிளம்பிடுவோம்" என்றார்.